கட்டுப் பிரித்த பிறகு

வெந்நீர் பிடிக்கப் போய் அரைமணி வரிசையில் நின்றுவிட்டு வார்டுக்குத் திரும்பியவள், கட்டிலருகே அப்படியே நின்றுவிட்டாள்.

மகளின் முகத்தில் கட்டு இல்லை. டாக்டர் வந்து பிரித்துவிட்டுப் போயிருக்கிறார். உதட்டிலிருந்து மூக்கோரமாக ஏறிக் கண் வரைக்கும் தையல், எறும்பு வரிசை மாதிரி.

அந்தத் தையலை அவள் பார்க்கவே இல்லை. மகள் கண்ணை மூடிக் கிடந்ததைத்தான் பார்த்தாள்.

லட்சத்தில் ஒரு பிள்ளைக்கு வருகிற முகப் பிளவு. ஆபரேஷன் முடிந்து ஐந்து நாள்தான் ஆகிறது. வாய் பிளந்திருந்தபோதே ஓயாமல் பேசிக்கொண்டிருந்த பிள்ளை. வீட்டில் கூப்பிடுவதே வாயாடி என்றுதான். அந்த வாயாடி மூச்சுக் காட்டாமல் கிடந்தாள்.

தொட்டுப் பார்க்கத் தைரியம் வரவில்லை. ஃப்ளாஸ்க்கைக் கீழே வைத்தாளா போட்டாளா தெரியாது, ஓடிப் போய் நர்ஸைக் கையோடு இழுத்து வந்தாள். வழியில் அவள் வேண்டாத தெய்வமில்லை.

நர்ஸ் நாடியைப் பிடித்துப் பார்த்தார். நெஞ்சு ஏறி இறங்குவதைக் காட்டினார். வலிக்கு மருந்து கொடுத்திருக்கிறது, அழுத களைப்பு வேறு, அடித்துப் போட்டாற்போலத் தூங்குகிறாள் என்றார். பிள்ளை தூங்குகிறதென்று ஊரைக் கூட்டுகிற அம்மாவை இப்போதுதான் பார்க்கிறேன் என்று முணுமுணுத்துக்கொண்டே போனார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. இவளுக்கே வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் உடனே கணவனுக்குப் போன் போட்டாள்.

கணவன் லேத் பட்டறையில் இருந்தான். வேலை நேரத்தில் போனையே எடுக்காதவன், முதல் மணியிலேயே எடுத்தான். தூங்குகிறாள் என்று மட்டும்தான் இவளால் சொல்ல முடிந்தது.

அந்தப் பக்கம் மிஷின் சத்தம் நின்றது.

"ரெண்டு கண்ணையும் மூடிக்கிட்டா?"

பிறந்ததிலிருந்து மகளுக்குப் பிளவு இருந்த பக்கத்துக் கண்ணில் கீழிமை கிடையாது. பிளவு அதையும் கொண்டுபோயிருந்தது. பிள்ளை தூங்கினாலும் அந்தக் கண் தூங்காது. காய்ந்தால் பார்வை போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். நாலு வருஷமாக முன்ராத்திரி இவள், பின்ராத்திரி அவன் என்று முறை வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்து மருந்து விட்டார்கள். பிள்ளையைக் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறோம் என்று எல்லோரும் பேச்சுக்குச் சொல்வதுதான். இவர்களுக்கு அது தினசரி வேலை.

இரண்டு கண்ணும் மூடிய மகளை இன்று வரை அவர்கள் பார்த்ததில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். புது இமை வீங்கித்தான் இருந்தது. ஆனாலும் மேலிமையை இடைவெளி இல்லாமல் தொட்டுக்கொண்டிருந்தது. அழுகை பொங்கியது. இவ்வளவு சந்தோஷத்தை என்ன செய்வதென்றே அவளுக்குத் தெரியவில்லை.

"ரெண்டையும்தாங்க. இனிமே நாமளும் ஒரே நேரத்துல தூங்கலாம்."