திரும்பத் திரும்ப வரும் சிக்னல்

விண்வெளித் தொலைநோக்கி அனுப்பும் காமா கதிர் வெடிப்புகளை ஆராய்வது கோகிலவாணியின் வேலை. ஒருமுறை வெடித்தது மறுபடி வெடிக்காது. அதனால், திரும்பத் திரும்ப வரும் எதையும் ஒதுக்கிவிடும்படி மென்பொருளைப் பழக்கியவள் அவள்தான். வேலைக்கு இடைஞ்சல் வேண்டாமென்று அதையே தன் போனிலும் போட்டு, ஒதுக்கும் அழைப்புகளுக்குப் பதில் சொல்லவும் பழக்கிவைத்திருந்தாள்.

ஏழு மாதம் கழித்து, இன்று மதியம்தான் போன் ஒதுக்கியவற்றைத் திறந்து பார்த்தாள். அத்தனையும் அம்மாவின் அழைப்புகள். தினமும் ஒரு மணிக்கு, "சாப்ட்டியா கண்ணு?" ஒவ்வொன்றுக்கும் மென்பொருள் அவள் குரலிலேயே, "சாப்ட்டேம்மா" என்று பதில் சொல்லியிருந்தது.

நேற்று மட்டும் அம்மா கூடுதலாகப் பேசியிருந்தாள்.

"நீ எம்புள்ள இல்லைன்னு எனக்குத் தெரியும். பரவால்ல, நீயாச்சும் எடுக்கறயே."

மணி ஒன்று. போன் அடித்தது. மென்பொருளை முந்திக்கொண்டு கோகிலவாணியே எடுத்தாள்.

"சாப்ட்டியா கண்ணு?"

"இன்னும் இல்லம்மா."

"இதுவும் ரிப்பேராயிருச்சாட்ட இருக்குது," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அம்மா போனை வைத்துவிட்டாள்.