கிள்ளிய விரல்கள்

ஒருவரில்லாமல் மற்றவர் தாஜ்மகாலைப் பார்ப்பதில்லை என்று அல்லியும் சேந்தனும் மணநாளிலேயே வாக்குக் கொடுத்துக்கொண்டார்கள். ஆவணியில் சேந்தன் இறந்துபோனான். அவனுடைய முதுகுப்பையை மாட்டிக்கொண்டு ஊர்ஊராக அலைந்த அல்லியால் ஆக்ராவுக்கு வராமலும் இருக்க முடியவில்லை. வந்து தனியாகப் பார்க்கவும் துணிவில்லை. நல்லவேளையாக, மார்கழி மூடுபனி மகாலை முழுவதுமாக விழுங்கியிருந்தது.

சுற்றுலா வருபவர்களிடம் தமிழ் பழகியிருந்த புகைப்படக்காரன் நதீம், அவளை வாசலைப் பார்க்கும்படி கல்மேடையில் நிறுத்தினான்.

"கை தூக்கு அக்கா. கோபுர நுனியைக் கிள்ளுற மாதிரி விரலை வை."

"வெறும் பனிதானே இருக்கு?"

"தாஜ் உன் பின்னாடிதான் நிக்குது. எங்க ஓடிப்போகும்? பனி போனா கிளிக்!"

காற்றைக் கிள்ளியபடி நின்றாள். விரல்கள் மரத்துப்போயின. திடீரென்று எதிரே வந்துகொண்டிருந்த முகங்களெல்லாம் ஒருசேர மலர்ந்தன, யாரோ கைதட்டினார்கள். கேமரா சொடுக்கியது.

"வந்தாச்சு அக்கா! திரும்பிப் பாரு!"

அவள் திரும்பவில்லை. மாதக்கணக்கில் நெஞ்சில் அடைத்துக்கிடந்த மூச்சு வெண்புகையாக வெளியேறியது.

"படத்தைக் கவர்ல போட்டு ஒட்டி, வாசல்ல குடுத்துடு தம்பி."

"பார்க்க வேண்டாமா?"

"வந்துட்டோமே, அது போதும்."

கிள்ளிய விரல்களைப் பிரிக்காமல், யாருடைய சட்டை நுனியையோ பிடித்திருப்பவள்போல, அல்லி நேரே வாசலை நோக்கி நடந்தாள்.