எட்டெழுத்து வார்த்தை

அரிசிப் பானையை அப்படியே பாயில் கவிழ்த்துக் கொட்டி, வண்டு தேடிக்கொண்டிருந்தாள் சுமாலி. ஒன்றுகூடக் கிடைக்கவில்லை.

"அரிசி சுத்தமாத்தாங்க இருக்கு. எந்த வண்டைச் சொல்றீங்க?"

"ஸிஸிவா... ஸிஸிவா..." என்றார் கட்டிலில் கிடந்த கணவர் கம்போல்.

பக்கவாதம் வந்ததிலிருந்து இப்படித்தான். சொந்த மொழி சுத்தமாகப் போய்விட்டது. பாங்காக்கில் எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆடும் சொல்லாட்டத்தில் கோப்பை கோப்பையாக வாங்கியவர் அவர். அதற்காக உருப்போட்ட நீள நீளமான ஆங்கில வார்த்தைகள் மட்டும் நாக்கில் மிச்சமிருந்தன.

சுமாலிக்குப் படகுத்துறையில் இளநீர் விற்கிற அளவுக்குத்தான் ஆங்கிலம் வரும். போட்டிக்கு வந்த வெள்ளைக்காரர்கள் வீடு தேடி வந்தால்கூட, அவளைப் பேசவிட்டுவிட்டு அவர் சிரித்துக்கொண்டு நிற்பார். இப்போது அவர் வாயருகே போனைப் பிடிப்பாள். அது அந்த வார்த்தைக்குத் தாய்லாந்து மொழியில் பொருள் காட்டும். ஸிஸிவா என்றால் ஒரு வகை வண்டு என்று காட்டியிருந்தது. காட்டியபடி இவள் ஓடுவாள்.

சாப்பாடு முடிந்த கையோடு புதிதாக ஒரு வார்த்தை வந்தது.

"அக்ஸோரியஸ்!"

போனைப் பார்த்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். மனைவி மேல் உயிரையே வைத்திருப்பவன் என்று போட்டிருந்தது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒரு நாள் வாய்விட்டுச் சொல்லாத மனுஷன்! அவர் கையைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு அழுதாள். அவர் கையை உதறினார். கண்ணில் நீர் முட்ட, அதையே இன்னும் சத்தமாகச் சொன்னார்.

"புரியுதுங்க... எனக்குப் புரியுது. அழாதீங்க."

அந்த நேரத்தில்தான் நரோங் வந்தான். போட்டிகளுக்கு அவரோடு சேர்ந்தே தயாரானவன்.

"என்ன அண்ணே, இப்படிச் சரிஞ்சு கிடக்கீங்க?" என்று முதுகுக்கடியில் கைகொடுத்துத் தூக்கினான். கையோடு ஒரு கரண்டி வந்தது. கஞ்சி ஊட்டிய கரண்டி. முதுகில் அதன் தடம் சிவந்து பதிந்திருந்தது.

கம்போல் நிம்மதியாகப் பெருமூச்சு விட்டுக் கண்ணை மூடினார். அந்த வார்த்தையை மறுபடி சொல்லவில்லை.

கரண்டியை வாங்கி ஓரமாக வைத்தாள் சுமாலி. மனசு அதில் இல்லை. முந்தானை இல்லாத குறைக்குச் சட்டை நுனியைத் திருகினாள்.

"தம்பி, நீங்களும் அவரும் ஒண்ணா உக்காந்து படிச்சவங்க. இப்பச் சொன்னாரே, அந்த வார்த்தை... அதுக்கு என்னன்னு உங்க வாயால ஒருதடவை சொல்லுங்களேன்."

"அதுவா? எட்டெழுத்து அண்ணி. எக்ஸ் வேற இருக்கா, போட்டா புள்ளிய அள்ளிடலாம்."

"அதில்ல தம்பி. அர்த்தம்."

நரோங் விழித்தான்.

"அர்த்தம் பாத்தா அண்ணி நாங்க மனப்பாடம் பண்ணோம்?"