புதியவர்கள்: மூன்று

2025 ஜூன் 14, சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு, படுவான்கரைக் கிராமப் பாடசாலை ஒன்றின் உயர்தர மாணவர்கள் மூவர், நகரத்தில் புளியந்தீவில் உள்ள வேறொரு பாடசாலையின் இரசாயன ஆய்வுகூடத்துக்குள் நுழைந்தார்கள்.

“இதுக்கு முதல் ஆர் ஆர் அளவியத் தொட்டிருக்கிறீங்க?” என்று கேட்டார் மியூரியல் மிஸ். ஆய்வுகூடத்துக்குப் பொறுப்பானவர். மேசைமேல் நீளமான கண்ணாடிக் குழாய்கள், அடியில் சிறு திருகுடன், தாங்கிகளில் நிமிர்ந்து நின்றன.

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

“போனில தொட்டிருக்கிறம், மிஸ்,” என்றான் லக்ஷன்.

உதவியாளர் வில்லியம் சிரிப்பை மறைக்க ஜன்னல் பக்கம் திரும்பினார். மிஸ் பதிவேட்டைத் திறந்து, ‘புதியவர்கள்: 3’ என்று எழுதினார்.

அவர்களைக் கூட்டிவந்த உதயரூபனுக்கு ஆசிரியர் நியமனம் கிடைத்து ஒரு வருடம். அவருடைய பாடசாலையில் அளவி கிடையாது. அதனால் நியமிப்பை, அதாவது காரத்தைச் சொட்டுச் சொட்டாக அமிலத்தில் விட்டு மெல்லிய நிறம் வந்ததும் நிறுத்தி அளக்கும் செய்முறையைப் பிள்ளைகளின் கைபேசியில் ஏற்றிக் கொடுத்திருந்தார். விரலால் திருகைத் தள்ளினால் திரையில் சொட்டு விழும், நிறம் மாறும், விடை வரும்.

“முதலே சொல்லிப்போடுறன், சேர்,” என்றார் மிஸ். “இண்டைக்கு ஒழுங்கா நடந்தா பரீட்சை வரைக்கும் ஒவ்வொரு சனியும் கூட்டி வாங்க. ஏதும் உடைஞ்சா இண்டையோட சரி. இந்தச் சாமானுக்கெல்லாம் நான்தான் கையெழுத்து வச்சிரிக்கன்.”

“விளங்குது, மிஸ்.” உதயரூபன் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

“நீங்க ஒருக்காச் செய்து காட்டுங்களன். பிள்ளைகள் பாத்துச் செய்யட்டும்.”

“வேணா, மிஸ். நான் செய்தா அதுகள் என்ட கையைத்தான் பாக்கும். அவங்களே செய்யட்டும்.”

லக்ஷன் திருகைத் திறந்தான். கைபேசியில் விரலை எடுத்தால் சொட்டு நின்றுவிடும். இங்கே நிற்கவில்லை. அவன் திருகைத் தேடிப் பிடிப்பதற்குள் குடுவை முழுக்க நாவற்பழச் சாறுபோல் ஆகிவிட்டது.

“ரீசெட் எங்க, சேர்?”

“அந்தா இரிக்கு, கழுவுற தொட்டி,” என்றாள் நிருஷா.

மிஸ் சிரிக்கவில்லை. “இதுதான் சிமியுலேஷன் படிப்பு, சேர். போனில ஒண்டும் உடையாது, ஒண்டும் சிந்தாது. அதில பழகின கைக்குப் பயம் தெரியா.”

“ஆனா மிஸ், ஒரு சொட்டு அமிலம் செலவில்லாம நூறு தரம் செய்திருக்குதுகள். நிருஷாவைப் பாருங்க.”

நிருஷா ஒரு கையால் குடுவையைச் சுழற்றிக்கொண்டே மறுகையால் திருகைச் சட்டென்று பூட்டினாள். கீழே வைத்த வெள்ளைத் தாள் இல்லாவிட்டால் தெரிந்தே இராத இளஞ்சிவப்பு. மிஸ் குனிந்து பார்த்தார்.

“முதல் தரத்திலயா?”

“இந்த நிறம் எனக்குத் தெரியும், மிஸ். ஒரு சொட்டுக் கூடினாலும் போன் கத்தும். அம்மா சத்தத்தை நிப்பாட்டச் சொல்லி ஏசுவா.”

லக்ஷனும் இரண்டாம் முறை நிறத்தைப் பிடித்துவிட்டான். ஆனால் வாசிப்புகளை எழுதிக்கொண்டிருந்த தனுஷியா பேனையை நிறுத்தினாள். “நிருஷாட 24.70. லக்ஷன்ட 24.20. ரெண்டு பேரும் எடுத்தது ஒரே போத்தல்.”

“ஏன் அப்பிடி வந்தது? சேர் சொல்லுவார்,” என்றார் மிஸ்.

உதயரூபன் லக்ஷனின் அளவியை மேலிருந்து கீழாகவும், கீழிருந்து மேலாகவும் பார்த்தார்.

“பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும், மிஸ்.”

மிஸ் வழக்கத்தைவிட ஒரு கணம் கூடுதலாக அவரைப் பார்த்தார். “அதுவும் சரிதான்.”

“டேய், ஊத்தின புனலை எடுக்கல்ல நீ,” என்றாள் தனுஷியா. “அதில இருந்து இன்னும் சொட்டுது.”

“போனில புனல் இல்லையே,” என்று முணுமுணுத்தான் லக்ஷன்.

பதினொன்றரைக்கு மூவரின் வாசிப்புகளும் ஒன்றாய் வந்தன. மிஸ் ஒவ்வொரு கண்ணாடியையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீறல்கூட இல்லை.

“அடுத்த சனி எட்டரைக்கே வாங்க. போனிலயும் செய்துகொண்டு வாங்க, கண்ணுக்கு நிறம் பழகட்டும்.”

மிஸ் வில்லியத்திடம் ஏதோ மெதுவாகச் சொல்லிவிட்டு வீட்டுக்குப் புறப்பட்டார்.

படி இறங்கும்போது உதயரூபன் சட்டைப்பையைத் தடவினார். “பேனையை விட்டிட்டன். நீங்க போய் பஸ்ஸில இடம் பிடிங்க, வாறன்.”

ஆய்வுகூடத்தில் எல்லாம் கழுவிக் கவிழ்க்கப்பட்டிருந்தன, ஓர் அளவியைத் தவிர.

“வில்லியம் அண்ணன், எனக்கு ஒருக்கா…”

“நிரப்பி வச்சிரிக்கன், சேர்.”

உதயரூபன் முதலில் புனலை எடுத்துக் கீழே வைத்தார். திருகு அவர் நினைத்ததைவிட இறுக்கமாக இருந்தது. சொட்டுச் சொட்டாக விட்டார். வெள்ளைத் தாளின்மேல் இளஞ்சிவப்பு வந்ததும் பூட்டினார். 24.70.

அவர் படித்ததும் அதே படுவான்கரைப் பாடசாலையில்தான். பல்கலைக்கழகத்தில் இந்தச் செய்முறைக்கு அவருக்கு A சித்தி. அது கொரோனா வருடம், பரீட்சை மடிகணினியில் நடந்தது.

வில்லியம் பதிவேட்டைத் திறந்து, ‘3’ என்பதை வெட்டி ‘4’ என்று எழுதினார்.

“ஐயோ, மிஸ் பாத்தா?”

“மிஸ்தான் திருத்தச் சொன்னவ, சேர்.”

அதற்கு மேல் வரிகளில், முன்பு வந்துபோன மூன்று பாடசாலைகளுக்கு நேரே, 6 என்பது 7 ஆகவும், 4 என்பது 5 ஆகவும், 9 என்பது 10 ஆகவும் திருத்தப்பட்டிருந்தன.