பிரசங்க நேரத் தூக்கம்

பள்ளிக்கூடம் கனவுக்குள் குடிபெயர்ந்த பிறகு எப்சிபா டீச்சருக்குப் பகலில் வேலை இல்லை. இரவில் கண்ணை மூடினால் நாலாம் வகுப்பு. ஊர்ப் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் பாயில் படுத்தபடியே அவள் கனவுக்குள் வந்து உட்கார்ந்துவிடுவார்கள். மேகங்களைக் கூட்டிக் கழித்துக் கணக்குச் சொல்லித் தருவாள். மேசைமேல் ஆறுகளை ஓடவிடுவாள். யாரும் மட்டம் போட முடியாது என்பதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. முன்வரிசையில் அவள் மகள் ஜெமிமாவும் இருப்பாள், மற்றவர்களைப் போலவே ‘டீச்சர்’ என்று கூப்பிட்டுக்கொண்டு.

ஞாயிறு ஆராதனையில்தான் தொல்லை. போதகர் பிரசங்கத்தைத் தொடங்கியதும் ஜெமிமாவின் தலை தொங்கிவிடும். டீச்சர் மகளே தூங்கினால் ஊர் என்ன சொல்லும்? எப்சிபா வாராவாரம் சேலை மறைவில் அவளைக் கிள்ளி எழுப்புவாள்.

அன்றும் கிள்ளினாள். ஜெமிமா கண்ணைத் திறக்காமலே அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“கிள்ளாதீங்கம்மா. அப்பா இப்பதான் வந்தாவ.”

அவள் கணவன் ஆசீர் இறந்து இரண்டு வருஷமாகிறது.

“ஏட்டி, கோயில்ல என்ன உளறுத?” என்று எப்சிபா கிசுகிசுத்தாள்.

“ராத்திரி முழுக்க நீங்க பாடம் நடத்துதீங்க. அப்பா வெளிய வராந்தாவுலயே நின்னுட்டுப் போயிருதாவ. நீங்க போர்டைப் பாத்தே நிக்கீங்க. இங்க தூங்கும்போதுதான் அவ்வொ உள்ள வாராவ.”

எப்சிபா மகளின் தலையை மெல்லத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

“கடைசியாக ஒரு வார்த்தை” என்றார் போதகர்.

ஆண்டவரே, அவர் இன்னும் கொஞ்ச நேரம் பேசட்டும் என்று அவள் ஜெபித்தாள்.