நாற்பத்திரண்டு வளைகள்

மே 22, வியாழன்.

நேற்று நாற்பத்து மூன்று அணில் வளைகள் என்று எழுதியிருந்தேன். தவறு. நாற்பத்திரண்டுதான். ஒன்று, போன கோடையில் கைப்பந்து வலை கட்ட நானே கம்பு நட்ட குழி.

பிழையை முதலில் எழுதிவிட்டு மற்றதைப் பிறகு எழுத வேண்டும் என்பது மாலைப் பள்ளியில் உயிரியல் நடத்தும் பிரோஷ்கா டீச்சரின் விதி. இன்று அந்த விதிப்படி எழுதினால் மற்றதற்குப் பக்கம் மிஞ்சாது.

பகலில் எனக்கு வேலை, இன்ஜின் இல்லாத கிளைடர் விமானங்கள் இறங்கும் மைதானத்தில் புல் வெட்டுவது. நாற்பத்திரண்டு வளைகளும் ஓடுபாதையில்தான் இருக்கின்றன. எல்லாம் நில அணில்கள் தோண்டியவை. சனிக்கிழமை புடாபெஸ்டிலிருந்து சோதனை அதிகாரி வருகிறார். ஓடுபாதையில் ஒரு வளை கண்ணில் பட்டாலும் கோடை முழுக்க மைதானத்தைப் பூட்டிவிடுவார். பூட்டினால் எனக்கும் வேலை இல்லை.

சங்கத் தலைவர் யெனோ மாமாவிடம் இதற்கு ஒரே வைத்தியம்தான் உண்டு. சின்ன வயதில் செய்தது போல, வளைக்கு இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றி, திணறி வெளியே வருவதைப் பிடிப்பது. இப்போது அது சட்டப்படி குற்றம் என்றேன். அணில் போய்ப் புகார் கொடுக்குமா என்று கேட்டார். அதிகாரி வருவதற்குள் நீ காலி பண்ணாவிட்டால் நான் காலி பண்ணுகிறேன் என்று சொல்லிவிட்டு, மாத ஆரம்பத்திலேயே மூன்று வாரம் மீன் பிடிக்கப் போய்விட்டார்.

இன்றைய கணக்குப்படி எண்பத்து நான்கு வாளி. இரண்டு முறை பெருக்கிப் பார்த்தேன்.

ஆகவே கவனிக்க ஆரம்பித்தேன். தாழ்வான ஈர நிலத்தில் ஒரு வளைகூட இல்லை. உயரமான புல்லிலும் இல்லை. பருந்து வருவது தெரியாதல்லவா. காய்ந்த மேடு, குட்டைப் புல். அவ்வளவுதான் அவற்றுக்கு வேண்டும் என்று முடிவு கட்டினேன்.

ஓடுபாதையில் புல்லை வளரவிட்டேன். மரவரிசைக்கு அப்பால் உள்ள மேட்டு மேய்ச்சல் நிலத்தை ஒட்ட வெட்டினேன். வளைத்து வெட்ட எனக்குக் கை வராது. அதனால் நேராக, எண்ணூறு மீட்டர் நீளம், முப்பது மீட்டர் அகலம். எண்ணுவதற்கு வசதியாக, விளிம்பில் ஐம்பது மீட்டருக்கு ஒரு வெள்ளைக் கல்.

மூன்று வாரத்தில் ஓர் அணில்கூடக் குடிமாறவில்லை. ஊர்வலம் பார்க்கும் குழந்தைகள் மாதிரி, வளர்ந்த புல்லுக்குள் பின்னங்காலில் எக்கி எக்கி நின்றன. ஏன் என்று எனக்குப் புரியவில்லை.

இன்று மாலை நாலு மணிக்கு மேட்டில் நின்று 'பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டிருந்தேன். தலைக்கு மேல் 'விஸ்' என்றது. சங்கத்தின் இரண்டு இருக்கைக் கிளைடர் என்னை நோக்கியே இறங்கிக்கொண்டிருந்தது.

நேராக, நீளமாக, ஓரத்தில் வெள்ளை வைத்து நான் வெட்டிய இடம் மேலிருந்து பார்த்தால் எப்படித் தெரியும் என்பது அப்போதுதான் உறைத்தது.

இரண்டு கைகளையும் வீசிக்கொண்டு ஓடினேன். யெனோ மாமா முன் இருக்கையிலிருந்து பதிலுக்குக் கையசைத்தார்.

பூப்போல இறங்கினார்.

பின் இருக்கையிலிருந்து ஒருவர் மெல்ல வெளியே வந்தார். முகம் வெளிறியிருந்தது. மாமாவின் மீன்பிடிக் கூட்டாளியாக இருக்கும் என்று நினைத்து, பையில் இருந்த பொகாச்சா ரொட்டி ஒன்றை நீட்டினேன். மாமா இன்னும் பெல்ட்டோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். அதற்குள் வந்தவரிடம் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். இது ஓடுபாதை இல்லை, அணிலுக்காக வெட்டிய இடம். உண்மையான ஓடுபாதை அதோ, முழங்கால் அளவு புல்லுக்குள், நாற்பத்திரண்டு வளைகளோடு இருக்கிறது. சனிக்கிழமை வரும் அதிகாரி காதில் மட்டும் விழ வேண்டாம்.

அவர் ரொட்டியை மென்றபடியே, "நாப்பத்திரண்டா? சரியா எண்ணினீங்களா?" என்றார்.

நாற்பத்து மூன்று என்று எழுதியதையும் கம்புக் குழியையும் சொன்னேன்.

மாமா வந்து சேர்ந்தார். காலடியைப் பார்த்தார். தப்பான பக்கத்தில் நிற்கும் மரவரிசையைப் பார்த்தார். நாற்பது வருடமாக இதே மைதானத்தில் இறங்குகிறவர். நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"எப்படி சார், நம்ம புது ஓடுபாதை? கமிட்டியில ஏகமனசா முடிவு பண்ணினது. என்ன விராக், சும்மா நிக்கிற, சாருக்குச் சொல்லேன்."

அந்த 'சார்' என் தலையில் இரண்டு வாளித் தண்ணீராகக் கொட்டியது.

வந்திருந்தவர்தான் சனிக்கிழமை வர வேண்டிய அதிகாரி. பக்கத்து ஊர் மைதானத்தில் சோதனை முடித்து நின்றவரை, காரில் எதற்கு வருவது என்று, அங்கே பழுதுபார்க்க விட்டிருந்த கிளைடரை எடுக்கப் போன மாமா இரண்டு நாள் முன்னாலேயே தூக்கி வந்துவிட்டார்.

அதிகாரி பையைத் திறந்து மெல்லிய இரும்புக் கம்பி ஒன்றை எடுத்தார். தரையில் குத்தினார். அரைச் சாண் இறங்கியது. 'ணங்' என்றது. பத்தடி தள்ளிக் குத்தினார். ணங். எண்ணூறு மீட்டருக்கும் அதே ணங். கீழே முழுக்கச் சுண்ணாம்புப் பாறை.

மேட்டைப் பார்த்தேன், ஈரத்தைப் பார்த்தேன், புல்லைப் பார்த்தேன். தோண்ட மண் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை.

"நான் இறங்கின இடத்தைத்தான் நான் சோதிக்க முடியும்," என்றார் அதிகாரி. "இங்க வளை இல்ல. இனிமே வரவும் வராது."

கையெழுத்துப் போட்டார். ஒரே குறை எழுதினார்: மேட்டில் காற்றின் திசை காட்டும் காற்றுப் பை இல்லை, சனிக்கிழமைக்குள் நட வேண்டும். போவதற்குக் கிளைடர் வேண்டாம், கார் போதும் என்றார். இன்னொரு பொகாச்சா வாங்கிக்கொண்டார்.

புது ஓடுபாதை யோசனை தனக்கு எப்படி உதித்தது என்று மாமா இப்போது மதுக்கூடத்தில் விளக்கிக்கொண்டிருக்கிறாராம். வாளியைப் பற்றிப் பேச்சே இல்லை.

நாளை செய்ய வேண்டியது: பழைய ஓடுபாதையில் அணில்களுக்காகப் புல்லை மறுபடி ஒட்ட வெட்ட வேண்டும். கடப்பாரை இரவல் வாங்கி, மேட்டில் காற்றுப் பைக் கம்பத்துக்குக் குழி போட வேண்டும். அந்தக் குழியை எண்ணிக்கையில் சேர்க்கக் கூடாது.