தள்ளி நிற்கும் கப்பல்

"வேலையில ஒரு குறையும் இல்லம்மா. உன்னை நிரந்தரம் பண்ண ஒரே ஒரு வார்த்தைதான் குறுக்க நிக்குது" என்றார் மேலாளர். "ஸ்டாண்ட்-ஆஃபிஷ்."

வரவேற்பு மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அப்படின்னா என்ன சார்?"

கேட்டதில் அவருக்கு உள்ளூரச் சந்தோஷம். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டார்.

"ஸ்டாண்ட், ஆஃப். ரெண்டையும் ஒட்டி, 'இஷ்'னு ஒரு வாலை வச்சா ஆச்சு. கப்பல்காரங்க பேச்சுலேருந்து வந்தது. கரைக்கு வராம கடல்லயே தள்ளி நின்னா, கப்பல் 'ஸ்டாண்ட் ஆஃப்' பண்ணுதுன்னு சொல்வாங்க. அப்புறம் யாரோடயும் ஒட்டாத மனுஷங்களுக்கு அதையே சொல்ல ஆரம்பிச்சாங்க."

"கப்பல் ஏன் சார் தள்ளி நிக்குது?"

"பாறை தட்டிடும்னுதான். உனக்கு இங்க யாரு பாறை? கணக்குப் பிரிவா?" சொல்லிவிட்டு அவரே சிரித்தார்.

அவள் சிரிக்கவில்லை.

"மத்தியானம் மாடியில எல்லாரும் ஒண்ணா சாப்பிடறோம். நீ மட்டும் கீழே தனியா உக்காந்திருக்கே. கூப்பிட்டாலும் வர்றதில்ல. திமிருன்னு பேசிக்கிறாங்க."

"திமிரெல்லாம் இல்ல சார். எனக்கும் வரணும்னு ஆசைதான். நீங்க எல்லாம் சிரிக்கிறது கீழே வரைக்கும் கேக்கும்."

"பின்னே?"

"அது... சொல்ல வேண்டாம்னு கேட்டுக்கிட்டாங்க சார்."

"யாரு?"

அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பார்த்தியா, இதைத்தான் சொல்றேன். சரி, இன்னும் ஆறு மாசம் தற்காலிகமாவே இரு. அப்புறம் பார்ப்போம்."

தலையை மட்டும் ஆட்டினாள்.

கண்ணாடிக் கதவுக்கு வெளியே, அவள் மேசையில் தொலைபேசி அடித்தது. விருட்டென்று எழுந்தாள்.

"சாப்பாட்டு நேரத்துல யாரு? நீ உக்காரு."

"நானே எடுக்கிறேன் சார், தயவுசெஞ்சு."

அந்தப் பதற்றம் அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது. தானே போய் எடுத்தார். அவர் வாய் திறப்பதற்குள் மறுமுனை பேச ஆரம்பித்துவிட்டது.

அவருடைய அம்மாவின் குரல்.

"டப்பாவைத் திறந்துட்டியா கண்ணு? நானும் தட்டோடதான் உக்காந்திருக்கேன். என் பையன்தான் போனை எடுக்கிறதே இல்ல. தினம் உன்கூட பேசறேன்னு அவன்கிட்ட சொல்லிடாதே, ஆபீஸுக்கு ஏன் அடிக்கிறேன்னு கத்துவான். தனியா உக்காந்தா எனக்கு ஒரு வாய்கூட இறங்க மாட்டேங்குது."